இதயத் துடிப்பு ஏறினால் மயக்கம் குறைகிறது என்று அர்த்தமா? ஒரு பயோமெட்ரா அறுவையின் மயக்கக் கண்காணிப்பு

கர்ப்பப்பையில் சீழ் கட்டிய (இதைத்தான் பயோமெட்ரா என்கிறோம்) ஒரு நாய்க்கு நடந்த அவசர அறுவை இது. இப்படிப்பட்ட நாய்கள் எங்கள் பகுதிக்கு மாதம் தவறாமல் வருகின்றன. அறுவை வழக்கமானதுதான். இதை எழுதக் காரணம், நடுவில் வந்த ஒரு சிக்கலும் அதைத் தியேட்டரில் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதும்தான். மானிட்டரும் கண்டுபிடிக்கவில்லை, அறுவை செய்த டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை. நாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸ் கண்டுபிடித்தார்.

இடம், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன தனியார் கிளினிக். அறுவை செய்தவர் என் சக மருத்துவர். நான் வெளியே மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்து பாதியில்தான் உள்ளே போனேன். அதற்கு முன் நடந்ததை மயக்கத் தாளிலிருந்தும் நர்ஸ் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

நோயாளி

ராணி, 9 வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யாதது, எடை 8.4 கிலோ. வீட்டில் பொமரேனியன் என்றார்கள். நம்மூரில் அந்தப் பெயரில் வளர்வதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான், இதுவும் அப்படியே. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மழையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தார். "இன்னா டாக்டரே, கொடம் கொடமா தண்ணி குடிக்குது, குடிச்சதெல்லாம் அப்டியே மூத்திரமா போவுது. ரெண்டு நாளா சோத்தத் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார். வேப்பேரிக்கே போயிருக்கலாமே என்று கேட்டோம். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருப்பதால் வடசென்னைக்காரர்கள் எல்லோருக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் 'வேப்பேரி'தான் பெரிய ஆஸ்பத்திரி. தெருவெல்லாம் தண்ணி, ஆட்டோ அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றுவிட்டதாம்.

கடைசியாகச் சூட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பயோமெட்ராவுக்கு இது கச்சிதமான காலக்கணக்கு. பின்புறத்தில் கசிவு எதுவும் இல்லை, அதாவது கர்ப்பப்பை வாய் மூடிக்கொண்டிருக்கிறது. சீழ் வெளியேற வழி இல்லாததால் இந்த வகைதான் மோசம். ஸ்கேனில் கர்ப்பப்பையின் இரண்டு கொம்புகளும் திரவம் நிரம்பி விரிந்திருந்தன.

உடல் வெப்பம் 39.6 டிகிரி செல்சியஸ், இதயத் துடிப்பு 140, ஈறு நல்ல சிவப்பாக இல்லாமல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஈறை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப இரண்டரை வினாடி ஆனது. வெள்ளை அணுக்கள் 38,000, ஹீமோகுளோபின் 10.8, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6, சர்க்கரை 78. அமெரிக்க மயக்கவியல் சங்கத்தின் வகைப்பாட்டில் (எண் ஏற ஏற ஆபத்து அதிகம்) 3, அவசரம் என்று தாளில் எழுதினார்கள். நான் எழுதியிருந்தால் 4 போட்டிருப்பேன். எந்த எண்ணைப் போட்டாலும் அதைப் பார்த்து நர்ஸ் என்ன தயார் செய்து வைக்கிறார் என்பதுதான் முக்கியம். ஈ.கோலை போன்ற கிருமிகளின் நச்சு இந்த நாயின் ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அது ரத்தக்குழாய்களைத் தளரவைக்கும். மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனும் ரத்தக்குழாய்களைத் தளரவைக்கும். ஆகவே ரத்த அழுத்தம் விழப்போகிறது என்பது அறுவைக்கு முன்பே தெரிந்த விஷயம். எப்போது, எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியாது.

மயக்கத்துக்கு முன்

உடனே மேசையில் ஏற்றவில்லை. சில மணி நேரம் ரிங்கர் லாக்டேட் ஓடியது, கிருமிக்குச் செஃப்ட்ரியாக்ஸோனும் மெட்ரோனிடசோலும் போட்டார்கள். ஈறு கொஞ்சம் தெளிந்து, துடிப்பு 120க்கு வந்த பிறகுதான் தொடங்கினார்கள். ராணியின் இரண்டு கையிலும் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்டிருந்தார் நர்ஸ். ஒன்று போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் பின்னால் வருகிறது.

10 கிலோவுக்குக் கீழ் என்பதால் மூச்சுக்குப் பெயின் (Bain) சர்க்யூட். குழாய்க்குள் குழாய்: உள்குழாயில் புது வாயு வரும், வெளிக்குழாயில் விட்ட மூச்சு போகும். இதில் உள்குழாய் கழன்றிருந்தால் வெளியே தெரியாது, நாய் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். சோதிப்பது சுலபம். ஆக்ஸிஜனை 2 லிட்டரில் வைத்து, சிரிஞ்சின் பிஸ்டனால் உள்குழாயின் வாயை ஒரு நொடி அடைத்தால் ஃப்ளோமீட்டரில் மிதக்கும் குண்டு சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கவும். பிறகு கிலோவுக்கு நிமிடத்துக்கு 200 மி.லி. என்ற கணக்கில் 1.7 லிட்டர் வைத்தார்கள்.

முன்மருந்து வலிக்குப் பியூடர்ஃபனால், அமைதிப்படுத்த மிடசோலம், இரண்டும் கிலோவுக்கு 0.2 மி.கிராம் நரம்பில். தூக்கமூட்டும் சைலசினைத் தொடவே இல்லை. அது துடிப்பைக் குறைத்து இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவையும் குறைத்துவிடும். கைப்பழக்கத்தில் எல்லா நாய்க்கும் சைலசின் போடுகிற இடங்களில் பயோமெட்ரா நாய்கள் ஏன் மேசையிலேயே போகின்றன என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் முகமூடியில் ஆக்ஸிஜன், பிறகு மயக்கத்தைத் தொடங்கப் புரொபஃபால் மெதுவாக. கிலோவுக்கு இரண்டரை மி.கிராம் போவதற்குள் தாடை தளர்ந்துவிட்டது. 6.5 அளவுக் குழாய் மூச்சுக்குழாய்க்குள் போனது, ஐசோஃப்ளூரேன் 1.5 சதவீதம்.

பொருத்தியவை: நாக்கில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், ஈசிஜி கிளிப்புகள், குழாயின் வாயில் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப், முன்னங்காலில் ரத்த அழுத்தப் பட்டை, உணவுக்குழாயில் வெப்பமானி. பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். அகலம் கூடினால் அழுத்தம் பொய்யாகக் குறைத்துக் காட்டும், குறைந்தால் பொய்யாக ஏற்றிக் காட்டும். கிளினிக்கில் இருக்கிற மூன்று பட்டைகளில் எது கைக்கு வருகிறதோ அதைச் சுற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இங்கே டேப் வைத்து அளந்திருந்தார்கள்.

இவ்வளவு ஒயரையும் மாட்டிய பிறகும் நர்ஸ் தன் இடது கையின் இரண்டு விரலை ராணியின் பின்னங்கால் பாதத்தின் மேற்புறத்தில் வைத்திருந்தார். அங்கே ஓடும் தமனி சின்னது. அழுத்தம் இறங்க ஆரம்பித்தால் நாடி அங்கேதான் முதலில் மெலியும். தொடையில் நாடி நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே பாதத்தில் காணாமல் போய்விடும்.

தாளில் இருப்பது

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய தாளிலிருந்து முக்கியமான வரிகள் மட்டும். வரிசை: நேரம், இதயத் துடிப்பு, சராசரி ரத்த அழுத்தம், வெளிமூச்சுக் கார்பன் டை ஆக்சைடு (இரண்டும் மி.மீ. பாதரசத்தில்), நிமிடத்துக்கு மூச்சு, ஆக்ஸிஜன் செறிவு, ஐசோஃப்ளூரேன்.

11.10 – 122, 72, 38, 14, 99, 1.5
11.25 – 126, 70, 39, 14, 99, 1.5 (தோல் கீறியது)
11.35 – 142, 84, 40, 24, 99, 2.0 (வலது சினைப்பையை இழுத்தது)
11.40 – 138, 67, 38, 12, 99, 2.0
11.45 – 150, 57, 33, 8, 98, 2.0
11.48 – 162, கருவி எடுக்கவில்லை, 27, 8, 98

11.35இல் நடந்தது சரியானதுதான். சினைப்பையைப் பிடித்திருக்கும் தசைநாரை இழுப்பது இந்த அறுவையிலேயே மிக வலி தரும் கட்டம். துடிப்பு, அழுத்தம், மூச்சு மூன்றும் சேர்ந்து ஏறின, இமையைத் தொட்டதும் சிமிட்டியது. மயக்கம் போதவில்லை. ஐசோவை 2க்கு ஏற்றினார்கள்.

11.45இல் டாக்டர் தலை நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தார். பச்சை எழுத்தில் 150. "என்னம்மா, திரும்ப லைட்டாகுது போல. இன்னும் கொஞ்சம் ஏத்தேன்" என்றார். பத்து நிமிடத்துக்கு முன் இதே மாதிரி துடிப்பு ஏறியபோது ஏற்றினோம், சரியாகிவிட்டது, இப்போதும் அதேதான் என்று நினைப்பது இயல்பு. வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு மானிட்டரில் கண்ணில் படுவதும் அந்த ஒரு எண்தான்.

நர்ஸ் ஐசோவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வேப்பரைசரைத் தொடவில்லை. துணியை விலக்கிக் கண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்து தாடையை அசைத்துப் பார்த்தார். பாதத்தில் விரல் வைத்த இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை, தொடைக்கு மாற்றினார், அங்கே நாடி நூல் மாதிரி ஓடியது. பிறகு சொன்னார்: "லைட்டா இல்ல சார், டீப்பா இருக்கு. கண்ணு நடுவுல நிக்குது, தாடை தொளதொளன்னு இருக்கு. பாதத்துல பல்ஸ் போச்சு. நான் ஐசோவக் கொறைக்கிறேன், டாக்டரம்மாவக் கூப்பிடுங்க." டாக்டரம்மா என்றது என்னை.

ஒரே எண், இரண்டு காரணம்

துடிப்பு ஏறுவதற்கு வலியும் காரணமாகலாம், அழுத்தம் விழுவதும் காரணமாகலாம். அழுத்தம் விழும்போது இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. முதலாவதற்கு ஐசோவை ஏற்ற வேண்டும். இரண்டாவதற்கு ஏற்றினால் நாயைக் கொல்லலாம். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்குத் துணையாக வருபவை விலையில்லாதவை. ஐசோஃப்ளூரேனில் நாய் சரியான ஆழத்தில் இருக்கும்போது கருவிழி கீழே, மூக்குப் பக்கமாகத் திரும்பியிருக்கும், வெள்ளைதான் அதிகம் தெரியும். நடுவில் நின்றால் ஒன்று மயக்கம் மிகக் குறைவு, இல்லை மிக அதிகம். இரண்டில் எது என்பதைத் தாடை சொல்லிவிடும்: குறைவாக இருந்தால் இறுக்கம் இருக்கும், இமை சிமிட்டும். ராணிக்கு இரண்டும் இல்லை. ஒரு எச்சரிக்கை: மயக்கத்தைக் கெட்டமைனில் தொடங்கியிருந்தால் கண் எப்போதும் நடுவிலேயே நிற்கும், இந்த அடையாளம் செல்லாது. என்ன மருந்து போனது என்று தெரியாமல் கண்ணைப் பார்த்துப் பயனில்லை.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. தாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூச்சு 14இலிருந்து 8க்கு இறங்கியிருக்கிறது. மூச்சு குறைந்தால் உள்ளே கார்பன் தேங்கி, வெளிமூச்சு எண் 45, 50 என்று ஏற வேண்டும். இங்கே 40இலிருந்து 27க்கு இறங்குகிறது. காசிமேட்டில் ஏலக்கூடத்தில் மீனே இல்லை என்றால் ஒன்று வந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்திருக்க வேண்டும், இல்லை படகே கரைக்கு வரவில்லை. விற்பனையே மந்தமாக இருக்கும்போது கூடம் காலியானால் படகு வரவில்லை என்றுதான் பொருள். திசுக்களில் உண்டாகும் கார்பனை நுரையீரலுக்குக் கொண்டுவருவது ரத்தம். அது வந்து சேரவில்லை. இதயம் வெளியே தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டது.

பெயின் சர்க்யூட்டில் புது வாயு வேகமாக ஓடுவதால் அளக்கும் வாயுவோடு கலந்து கார்பன் குறைத்துக் காட்டுவதும் உண்டு. அப்படி இருந்திருந்தால் ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருந்திருக்கும். அரை மணி நேரம் 38, 40 என்று நின்ற கோடு திடீரெனச் சரிந்ததற்கு அது விளக்கமாகாது. குழாய் கழன்றிருந்தாலோ முழுக்க அடைத்திருந்தாலோ ஒரே மூச்சில் பூஜ்யத்துக்கு விழும். இங்கே அலையின் வடிவம் கெடவில்லை, மேல்தட்டு தட்டையாகவே இருந்தது, உயரம்தான் குறைந்துகொண்டே வந்தது.

இத்தனைக்கும் ஆக்ஸிஜன் செறிவு 98. ஈசிஜி கோடு பாடப்புத்தகத்தில் போடலாம் போல அழகாக ஓடியது. இரண்டும் பொய் சொல்லவில்லை, நமக்கு வேண்டிய கேள்விக்கு அவை பதில் தருவதில்லை, அவ்வளவுதான். ஈசிஜி காட்டுவது மின்சாரத்தை. இதயம் ரத்தத்தைத் தள்ளாமலே கோடு மட்டும் கொஞ்ச நேரம் ஓட முடியும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரோ, நாய் தூய ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டிருக்கும்போது மிகத் தாமதமாகத்தான் விழும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 500 இருந்தாலும் 98 காட்டும், 110 இருந்தாலும் 98 காட்டும். 90 காட்டும்போது அந்த ஆக்ஸிஜன் அழுத்தம் 60 அளவுக்கு வந்திருக்கும், கடையைச் சாத்தும் நேரம்.

ரத்த அழுத்தக் கருவி எண் காட்டாமல் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்ததையும் கவனிக்க வேண்டும். "மெஷின் எடுக்க மாட்டேங்குது" என்று பட்டையைக் கழற்றி மாட்டுவதில் ஐந்து நிமிடம் போய்விடும். அலைவை வைத்து அளக்கும் கருவிக்கு நாடி மெலிந்தால் பிடிபடாது. எடுக்காததும் ஒரு அளவுதான், அதைத் தாளில் அப்படியே எழுதியிருந்தார் நர்ஸ்.

நாடியில் விரல் வைப்பது பழைய பஞ்சாங்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழங்கதை. 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில் நிஜாமின் செலவில் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்கள் நடந்தன. நடத்தியவர் எட்வர்டு லாரி என்ற அறுவை மருத்துவர். நாய்கள் உட்பட ஏராளமான விலங்குகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்துவிட்டு, முதலில் நிற்பது மூச்சுதான், ஆகவே மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்று முடிவு சொன்னார். 1911இல் லெவி என்பவர், பூனைகளில் லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலேயே இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென நின்றுபோகும் என்று காட்டினார். அதுவரைக்கும் எத்தனையோ மேசைகளில் நாடியைப் பார்க்கக் கூடாது என்பதே பாடமாக இருந்திருக்கிறது.

செய்தது

நான் உள்ளே போனபோது ஐசோ 0.75இல் இருந்தது, டாக்டர் கையை நிறுத்தியிருந்தார். முதல் கேள்வி ரத்தக்கசிவு. கட்டிய சினைப்பைக் காம்புகள் இரண்டையும் மறுபடி பார்த்தார், காய்ந்திருந்தன. துடைத்த பஞ்சுகளை எண்ணினோம், அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்து, கர்ப்பப்பை. மல்லாந்து கிடக்கும் நாயின் வயிற்றில் சீழோடு ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கர்ப்பப்பை பெருஞ்சிரையின் மேல் உட்கார்ந்தால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. அதை முழுக்க வெளியே தூக்கி ஈரத்துணியில் வைக்கச் சொல்லி, மேசையை இடதுபக்கம் சற்றே சாய்த்தோம்.

ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 10 மி.லி., அதாவது 84 மி.லி., பத்து நிமிடத்தில். நர்ஸ் சர்க்யூட்டின் மூச்சுப் பையை அழுத்தி நான்கைந்து மூச்சு கொடுத்தார், மெதுவாக. பயத்தில் பையைப் போட்டுப் பிழிந்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, திரும்பிவரும் கொஞ்சநஞ்ச ரத்தமும் தடைபடும். ஐசோ குறைந்ததால் வலி மேலே வரக் கூடாது என்று கெட்டமைன் கிலோவுக்கு 0.5 மி.கிராம். இதற்குப் பிறகு கண்ணை நம்பாதே, தாடையைப் பார் என்று தாளில் குறித்தோம்.

சராசரி அழுத்தம் 54 என்று திரும்ப எண் வந்தது. இன்னொரு 42 மி.லி. போட்டும் 56தான். 60க்குக் கீழே நின்றால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், அதுவும் கிரியாட்டினின் ஏற்கெனவே எல்லையில் நிற்கும் நாய்க்கு. அழுத்தத்தை ஏற்றும் டோபமைன் தொடங்கினோம். சிரிஞ்ச் பம்ப் இல்லாத இடங்களுக்காக அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன், இதில்தான் கை நடுங்கும்.

டோபமைன் ஆம்பியூல் 5 மி.லி.யில் 200 மி.கிராம். அதை 500 மி.லி. சலைன் பாட்டிலில் கலந்தால் ஒரு மி.லி.யில் 400 மைக்ரோகிராம். ராணிக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 7 மைக்ரோகிராம் வேண்டும்: 8.4 பெருக்கல் 7, சுமார் 59 மைக்ரோகிராம். 59ஐ 400ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.147 மி.லி. மைக்ரோ டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு. ஆக நிமிடத்துக்கு 9 சொட்டு. சாதாரண செட் மாட்டினால் ஒரு மி.லி.க்கு 20 சொட்டுதான், அதே 9 சொட்டில் மும்மடங்கு மருந்து போய்விடும். பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி 'டோபமைன், மைக்ரோ செட், 9 சொட்டு' என்று எழுதி, இரண்டாவது கையிலிருந்த வென்ஃப்ளானில் மாட்டினோம். ஒரே நரம்பில் ஓடியிருந்தால் திரவத்தை வேகமாகத் தள்ளும் போதெல்லாம் டோபமைனும் சேர்ந்து பாய்ந்திருக்கும்.

12.05இல் துடிப்பு 128, அழுத்தம் 66, கார்பன் 38, ஐசோ 1. பாதத்தில் நாடி திரும்பிவிட்டது. மீதி அறுவையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 12.30க்குத் தையல் முடிந்தது.

முடிந்த பிறகு

வெளியே ஐப்பசி மழைப் புழுக்கம், தியேட்டரில் ஏ.சி. 18. விளக்கடியில் கவுன் போட்டு நிற்கும் டாக்டருக்கு அது சுகம். முடியை மழித்து, ஸ்பிரிட் தடவி, வயிற்றைத் திறந்து, குளிர்ந்த ஆக்ஸிஜனை நிமிடத்துக்கு 1.7 லிட்டர் உள்ளே விட்டுக்கொண்டிருக்கும் 8 கிலோ நாய்க்கு அப்படி இல்லை. மயக்கம் தொடங்கும்போது 38.4 இருந்த உடல் வெப்பம் இப்போது 35.4. உடல் குளிரக் குளிரத் தேவைப்படும் ஐசோவும் குறைந்துகொண்டே வரும். 11.10க்குச் சரியாக இருந்த அளவு 12 மணிக்கு அதிகம். தாளில் வெப்பத்தையும் வேப்பரைசர் எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் இது தானாகக் கண்ணில் படும். கையுறையில் வெந்நீர் ஊற்றி அணைத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். ஒன்று தோலைச் சுடும், இல்லை சீக்கிரம் ஆறிப்போய் நாயிடமிருந்து வெப்பத்தை உறிஞ்சும். பாதங்களுக்குப் பபிள் ரேப், மேலே போர்வை, வெதுவெதுப்பான காற்று ஊதும் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்துப் போர்வைக்குள் விடுவது, இவையே போதும்.

ஐசோவை 12.35க்கு மூடினார்கள். 1 மணிக்கும் ராணி விழுங்கவில்லை. 'குளிரில் கிடக்கிறது, மெல்ல எழுந்துக்கும்' என்று விட்டிருப்பார்கள் பலர். நர்ஸ் காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்த்தார். 54. கிருமி நச்சு ஏறிய உடம்பு சர்க்கரையைத் தின்று தீர்க்கும், அதோடு இரண்டு நாள் பட்டினி. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 1 மி.லி., சம அளவு சலைனில் கலந்து மெதுவாக நரம்பில். கால் மணியில் நாக்கைச் சுழற்றியது, 1.20க்குக் குழாயை எடுத்தோம்.

குழாயை எடுத்ததும் நர்ஸை அடுத்த நோயாளிக்கு அனுப்பிவிடுவது எல்லாச் சின்ன கிளினிக்குகளிலும் நடப்பது. ஆள் இல்லை என்பது உண்மையான காரணம், மறுக்கவில்லை. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை சுமார் 98,000 நாய்களையும் 79,000 பூனைகளையும் கணக்கெடுத்து 2008இல் வெளியான ஆய்வில், மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24. நோயுற்ற நாய்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 1.33. இறந்த நாய்களில் கிட்டத்தட்டப் பாதியும் பூனைகளில் அதற்கு மேலும் அறுவை முடிந்த பிறகுதான் இறந்திருக்கின்றன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். பூனைகளில் நாடியையும் ஆக்ஸிஜன் செறிவையும் கண்காணித்த இடங்களில் இறப்பு குறைவாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கேப்னோகிராஃப் வாங்கப் பணமில்லாத கிளினிக்குக்கு இது நல்ல செய்தி.

ராணியின் பக்கத்தில் 4 மணி வரை ஒருவர் இருந்தார். டோபமைனை 2 மணிக்குச் சொட்டுச் சொட்டாகக் குறைத்து நிறுத்தினார்கள், அழுத்தம் 78இல் நின்றது. சாயங்காலம் சர்க்கரை 92, வெப்பம் 37.9. மீன்கார அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னும் தூக்கத்துலயே கீது, வஞ்சிரம் வாசனைக்கு எந்திரிக்கும்" என்றார். அன்றைக்கு மீன் வேண்டாம் என்று தடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.1, பத்தாம் நாள் தையல் பிரித்தோம்.

11.35இல் ஐசோவை ஏற்றியதைப் பற்றி எனக்கும் அறுவை செய்த டாக்டருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த நிமிடத்துக்கு அது சரியான முடிவு என்கிறார் அவர். நானும் மறுக்கவில்லை. ஆனால் வலிக்குக் கொடுக்க வேண்டியது வலி மருந்து. பியூடர்ஃபனால் இந்த வலிக்குப் போதாது என்பது தெரிந்ததுதான். சினைப்பைக் காம்பில் இழுப்பதற்கு முன் மரத்துப்போக லிக்னோகெயின் சொட்டியிருந்தால், இல்லை கெட்டமைனை அப்போதே கொடுத்திருந்தால், 2 சதவீதத்துக்குப் போகவே வேண்டியிருக்காது. அப்படியே ஏற்றினாலும் இழுத்து முடித்துக் காம்பைக் கட்டியதும் திரும்ப இறக்க வேண்டும். 11.40இல் மூச்சு 12, அழுத்தம் 67 என்று தாளே சொல்கிறது. இறக்குவதை யார் சொல்வது, டாக்டரா நர்ஸா என்று எங்கள் கிளினிக்கில் அதுவரை பேசிக்கொண்டதில்லை. நம்மூரில் கால்நடை நர்ஸுக்கென்று தனிப் பதிவோ சட்ட அந்தஸ்தோ இல்லாததால் இது தானாகவும் தீராது, ஒவ்வொரு கிளினிக்கும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். இப்போது எங்களிடம் இருக்கிற ஏற்பாடு: வேப்பரைசரை ஏற்றுவது டாக்டர் சொல்லி, நர்ஸ் கண்ணும் தாடையும் நாடியும் பார்த்த பிறகு. இறக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டாம், இறக்கிவிட்டுச் சத்தமாகச் சொன்னால் போதும். மயக்கத் தாளில் 'கண்', 'தாடை', 'பாத நாடி' என்று மூன்று கட்டங்கள் கூடியிருக்கின்றன, டோபமைன் சொட்டுக் கணக்கு 2 கிலோவிலிருந்து 40 கிலோ வரை அட்டவணையாகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.